சர்க்கரை இல்லாத இனிப்பு, நார் இல்லாத சோறு

வயிற்றோட்டத்துக்கு மாத்திரை கேட்டு வருகிறவர்களிடம், நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். மீன் பழசா, கடைச் சாப்பாடா, தண்ணீர் மாறிப்போச்சா, இதெல்லாம் எந்த மெடிக்கலிலும் கேட்கிற கேள்விகள். கொஞ்ச காலமாக நான் இன்னொன்றையும் சேர்த்துக் கேட்கிறேன், சுகர் ஃப்ரீ சாக்லேட்டோ ஸ்வீட்டோ சாப்பிட்டீர்களா என்று. ஆமாம் என்ற பதில் அடிக்கடி வருகிறது. கூடவே, "அது சக்கரை இல்லாததுதானே தம்பி, அது என்ன செய்யப்போகுது?" என்ற கேள்வியும் வருகிறது.

செய்யும். என்ன செய்யும், ஏன் செய்யும், எவ்வளவு தின்றால் செய்யும் என்பதை யாராவது உட்கார்ந்து விவரமாக எழுத வேண்டும் என்று தோன்றியது. இதோடு நார்ச்சத்தையும் சேர்த்துத்தான் பேச வேண்டும், ஏனென்றால் இரண்டும் நம் குடலில் ஒரே இடத்துக்குத்தான் போய்ச் சேர்கின்றன.

மண்டபம், உச்சிப்புளி, பெரியபட்டினம், கீழக்கரை என்று எங்கள் ராமநாதபுரம் மாவட்டக் கரை நெடுக வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீடுகள் நிறைய. பிள்ளைகள் ஊருக்கு வரும்போது சர்க்கரை நோய் உள்ள அத்தாவுக்கு, அம்மாவுக்கு என்று ஆசையாகச் சுகர் ஃப்ரீ சாக்லேட் வாங்கி வருகிறார்கள். டவுன் ஸ்வீட் கடைகளிலும் இப்போது சுகர் ஃப்ரீ என்று தனித் தட்டு வைக்கிறார்கள். பல வருஷமாக இனிப்பைத் தொடாதிருந்த ஒருவருக்கு அந்த டப்பா கையில் கிடைத்தால் ஒன்றோடு நிறுத்துவது கஷ்டம், அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த ஆசை எனக்குப் புரிகிறது. அதனால்தான் அந்த டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்பதை அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சர்க்கரை ஓர் இனிப்பில் இரண்டு வேலை பார்க்கிறது. ஒன்று தித்திப்பு, இன்னொன்று கனம். தித்திப்பை மாற்றுவது சுலபம். சுக்ரலோஸ் சர்க்கரையைப் போல ஏறக்குறைய 600 மடங்கு இனிக்கும், அஸ்பர்டேம் 200 மடங்கு. மில்லிகிராம் கணக்கில் போட்டால் போதும், அந்தச் சிறு அளவு பேதியைக் கொண்டுவருவதில்லை. ஆனால் ஒரு பர்ஃபியிலிருந்து சர்க்கரையை எடுத்துவிட்டால் பாதிப் பர்ஃபி காணாமல் போய்விடும். அந்தப் பாதியை நிரப்பத்தான் மால்டிட்டால், சார்பிட்டால், ஐசோமால்ட், சைலிட்டால் போன்றவற்றைச் சேர்க்கிறார்கள். மொத்தமாக இவற்றுக்குப் பாலியோல் என்று பெயர். சர்க்கரையிலிருந்து செய்யப்படும் பொருட்கள்தான், ஆனால் உடம்பு இவற்றை முழுசாக உறிஞ்சிக்கொள்வதில்லை. சர்க்கரை கிராமுக்கு 4 கலோரி தருகிறது என்றால் சார்பிட்டால் 2.6, மால்டிட்டால் 2.1 என்று தருகின்றன. பாதி குறைகிறது, பூஜ்யம் ஆவதில்லை. மால்டிட்டால் ரத்தச் சர்க்கரையையும் ஓரளவு ஏற்றும். பர்ஃபியில் உள்ள நெய்யும் மாவும் அப்படியேதான் இருக்கின்றன, அதையும் மறக்க வேண்டாம்.

சரி, வயிற்றுக்குள் என்ன நடக்கிறது?

சிறுகுடலில் உறிஞ்சப்படாத பாலியோல் அங்கேயே கிடக்கிறது. மீனைக் கீறி உப்புத் தடவி வைத்தால் கொஞ்ச நேரத்தில் மீனிலிருந்து தண்ணீர் வெளியே வந்துவிடும் அல்லவா, கருவாடு போடுகிற எல்லோரும் பார்த்ததுதான். குடலுக்குள் கரைந்து கிடக்கும் பாலியோலும் அதே மாதிரி உடம்பிலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கிறது. அந்தத் தண்ணீரோடு பெருங்குடலுக்குப் போனதும் அங்குள்ள பாக்டீரியாக்கள் இதைப் புளிக்கவைத்து வாயுவை உண்டாக்குகின்றன, ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்ஸைடு, சிலருக்கு மீத்தேனும். தண்ணீர் ஒரு பக்கம், வாயு ஒரு பக்கம். வயிறு உப்பி, கடமுடவென்று சத்தம் போட்டு, அப்புறம் தண்ணியாகப் போகிறது. கிருமி எதுவும் இல்லை, காய்ச்சல் இல்லை, கெட்டுப்போன சாப்பாடும் இல்லை. தின்றதை நிறுத்தினால் தானாக நின்றுவிடும்.

அளவு ஆளுக்கு ஆள் மாறும். சார்பிட்டால் 10 கிராமிலேயே வயிறு உப்புகிறவர்கள் இருக்கிறார்கள், 20 கிராமைத் தாண்டினால் பலருக்கும் வயிற்றால் போய்விடும். மால்டிட்டாலை இதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வயிறு தாங்கும். ஆனால் 100 கிராம் சுகர் ஃப்ரீ சாக்லேட்டில் அது மட்டும் 40 கிராம் அளவுக்கு இருப்பது சாதாரணம், அந்தப் பட்டையைப் படம் பார்த்துக்கொண்டே முடித்துவிடலாம். குழந்தைகளின் சின்ன உடம்புக்கு இன்னும் குறைந்த அளவே போதும். தாத்தாவின் டப்பாவை உடைத்துப் பேரன் தின்றுவிட்டு அழுகிற வீடுகள் இங்கே உண்டு. எரித்ரிட்டால் மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு, அதில் பெரும்பகுதி சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டு மாற்றமில்லாமல் சிறுநீரில் போய்விடுவதால் வயிற்றை அவ்வளவாகப் படுத்துவதில்லை.

2008-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பெர்லின் மருத்துவர்கள் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதியிருந்தார்கள். 21 வயதுப் பெண் ஒருவர், 46 வயது ஆண் ஒருவர். இருவருக்கும் ஓயாத வயிற்றோட்டம், காரணம் தெரியாமல் உடல் எடை இறங்கிக்கொண்டே போகிறது, பெண்ணுக்கு 11 கிலோ, ஆணுக்கு 22 கிலோ. குடலுக்குச் செய்கிற எல்லாச் சோதனையும் செய்து பார்த்திருக்கிறார்கள். கடைசியில் அவர்களுடைய அன்றாடப் பழக்கத்தைக் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது, இருவரும் நாள் முழுக்கச் சுகர் ஃப்ரீ சூயிங்கம் மென்றுகொண்டிருந்தவர்கள். அந்தப் பெண்ணுக்கு அதிலிருந்து மட்டும் தினமும் 18 முதல் 20 கிராம் சார்பிட்டால் போயிருக்கிறது. சார்பிட்டாலை நிறுத்தினார்கள், வயிறு சரியாயிற்று, எடையும் ஏறியது. எவ்வளவு ஸ்கேன், எவ்வளவு செலவு, ஒரு கேள்வியில் தீர்ந்திருக்கிறது. ஆகவே வயிற்றுக் கோளாறுக்கு டாக்டரிடம் போகும்போது அவர் கேட்காவிட்டாலும் நீங்களே இதைச் சொல்லிவிடுங்கள்.

சர்க்கரை நோயாளிகள் இதை முக்கியமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்களில் ரொம்பப் பேர் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள். அந்த மாத்திரையே சிலருக்கு வயிற்றோட்டம் தரும். மாத்திரையோடு சாக்லேட்டும் சேர்ந்தால் பழி மாத்திரை மேல் விழுகிறது, அவர்களாகவே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள், சாக்லேட் தொடர்கிறது. சர்க்கரை ஏறிய பிறகுதான் திரும்ப வருகிறார்கள். இது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம்.

அதே ஆட்கள் இன்னொன்றும் செய்கிறார்கள். வயிற்றால் போய்த் துவண்டு வந்து நிற்கும்போது ஓ.ஆர்.எஸ். என்ற, நீர் வற்றாமல் காக்கும் உப்புக் கரைசல் பொடியை எடுத்துக் கொடுத்தால், "எனக்குச் சக்கரை இருக்கு, அதுல குளுக்கோஸ் இருக்குமே" என்று மறுக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கலவையில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான், அதுவும் உப்பையும் தண்ணீரையும் குடல் உறிஞ்சுவதற்காக வைக்கப்பட்டது. எங்கள் வெயிலில், வயதான உடம்பில் நீர் வற்றுவது அந்தக் குளுக்கோஸைவிடப் பெரிய ஆபத்து. குடியுங்கள், சர்க்கரை அளவை அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், இன்சுலின் போடுகிறவர்களுக்கும் சர்க்கரை சட்டென்று இறங்குகிறவர்களுக்கும் ஒரு விஷயம். மயக்கமாக வரும்போது வாயில் போடச் சட்டைப் பையில் சுகர் ஃப்ரீ மிட்டாய் வைத்திருந்தால் அது காப்பாற்றாது. நிஜமான சர்க்கரை அல்லது குளுக்கோஸ்தான் வேண்டும். அதை மட்டும் வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள்.

பாக்கெட்டில் பார்க்க வேண்டியது என்ன? நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி 10 சதவீதமும் அதற்கு மேலும் பாலியோல் உள்ள பொருளில், இது பேதியை உண்டாக்கலாம் என்ற எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அச்சிட்டும்தான் இருக்கிறார்கள், பின்பக்கம், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில். சேர்மானப் பட்டியலில் உள்ள எண்களைப் பார்ப்பது சுலபம். 420 சார்பிட்டால், 421 மானிட்டால், 953 ஐசோமால்ட், 965 மால்டிட்டால், 966 லாக்டிட்டால், 967 சைலிட்டால். இந்த 966 இருக்கிறதே, லாக்டிட்டால், அதைத்தான் மலச்சிக்கலுக்கு சிரப்பாகவும் என் கடையில் விற்கிறேன். இனிப்பில் கலந்தாலும் மருந்தாகக் குடித்தாலும் குடலில் அது பார்க்கிற வேலை ஒன்றே. சர்க்கரை நோயாளிகளுக்கான இருமல் சிரப்புகள் பலவற்றில் சார்பிட்டால் இருக்கும், இருமலுக்குக் குடிக்கிறபோது வயிறு இளகினால் அந்தப் பாட்டிலையும் திருப்பிப் பாருங்கள். வீட்டில் நாய் இருந்தால் சைலிட்டால் உள்ள எதையும் அதற்கு எட்டும்படி வைக்காதீர்கள், நாய்க்கு அது விஷம்.

இப்போது நார்ச்சத்துக்கு வருகிறேன். நாரையும் நம் சிறுகுடல் செரிப்பதில்லை. அதுவும் அப்படியே பெருங்குடலுக்குப் போகிறது, அதையும் பாக்டீரியாக்கள்தான் புளிக்கவைக்கின்றன. அப்படியானால் பாலியோல் படுத்துகிறது, நார் மட்டும் ஏன் நல்லது செய்கிறது? பாலியோல் சின்ன மூலக்கூறு. கரைந்து, மொத்தமாக, ஒரே மூச்சில் வந்து சேர்கிறது, அதனால் தண்ணீரை வேகமாக இழுக்கிறது, வேகமாகப் புளிக்கிறது. பயறிலும் கீரையிலும் கம்பிலும் உள்ள நார் நீளச் சங்கிலி. அது தண்ணீரை இழுத்துக் கொட்டாமல் தன்னிடமே பிடித்து வைத்துக்கொண்டு மலத்தை மிருதுவாக்குகிறது. புளிப்பதும் நிதானமாக நடக்கிறது, ஒரு பகுதி புளிக்காமல் அப்படியே வெளியேறுகிறது. அந்த நிதானமான புளிப்பில் பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலம் உண்டாகிறது, பெருங்குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் முக்கியமான எரிபொருள். கரையும் வகை நார் சாப்பாட்டிலிருந்து சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதையும் மெதுவாக்குகிறது. சர்க்கரை நோயாளி தேட வேண்டியது இதைத்தான் என்று நான் சொல்வேன், டப்பாவில் வருகிற இனிப்பை அதற்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

டெனிஸ் பர்கிட் என்ற அயர்லாந்து அறுவைச் சிகிச்சை மருத்துவர் உகாண்டாவில் பல வருஷம் வேலை பார்த்தவர். அவரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1972-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஆப்பிரிக்கக் கிராமத்து ஆட்களுக்கும் பிரிட்டனில் உள்ளவர்களுக்கும் தின்றது வெளியேற எத்தனை மணி நேரம் ஆகிறது, மலம் எவ்வளவு எடை இருக்கிறது என்று அளந்து பார்த்த கட்டுரை. நார் நிறைய உள்ள கிராமத்துச் சாப்பாட்டில் சீக்கிரமும் நிறையவும் வெளியேறியது. டாக்டர்கள் முகம் சுளிக்கிற ஒன்றைத் தராசில் வைத்து நிறுத்ததால்தான் இன்று நாம் நார்ச்சத்தைப் பற்றிப் பேசுகிறோம்.

நம் தட்டைப் பாருங்கள். காலையில் இட்லியோ இடியாப்பமோ, மதியம் சோறும் மீன் குழம்பும், ராத்திரி பரோட்டா அல்லது மறுபடி சோறு. காரல், சூடை, நகரை என்று விதவிதமாகக் கிடைக்கிற கரை இது, மீன் நல்ல சாப்பாடு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மீனில் நார் ஒரு பொட்டும் கிடையாது. நண்டு, கணவாய், முட்டை, கறி, எதிலும் கிடையாது. தீட்டிய அரிசியில் 100 கிராமுக்கு 3 கிராம் இருந்தால் பெரிது, மைதாவிலும் அவ்வளவுதான். நாளைக்கு 350 கிராம் அரிசி வேகவைத்துத் தின்றாலும் 10 கிராம்தான் தேறும், குழம்பில் கிடக்கிற இரண்டு கத்தரிக்காய், வெங்காயம், பரோட்டா எல்லாம் சேர்த்து 15-ஐ எட்டலாம். பெரியவர்களுக்கு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லியிருக்கிறது. பத்து கிராம் பள்ளம்.

அந்தப் பள்ளத்தை அடைக்க எந்தப் பொடியும் வாங்க வேண்டியதில்லை. முழுப் பாசிப்பயறு 100 கிராமில் 17 கிராம் நார், கறுப்புக் கொண்டைக்கடலையில் 25. ஒரு கைப்பிடி, அதாவது 50 கிராம் சுண்டல் போட்டாலே 8 முதல் 12 கிராம் வந்துவிடுகிறது. ஒரு நடுத்தரக் கொய்யாவில் 8 கிராமை ஒட்டி. முருங்கைக்கீரையிலும் 100 கிராமுக்கு அந்த அளவு. கம்பிலும் கேப்பையிலும் 11. முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் கம்பு விளைகிற மாவட்டத்தில் இருந்துகொண்டு கம்பங்கூழை வெயில் காலத்துத் தள்ளுவண்டிக்கு விட்டுவிட்டோம். சித்திரைக்கார் மாதிரிச் சிவப்பரிசியைத் தவிட்டோடு சாப்பிட்டாலும் வெள்ளரிசியைவிடக் கூடுதல்தான். மீன் குழம்பை விடச் சொல்லவில்லை, குழம்பு அப்படியே இருக்கட்டும், பக்கத்தில் கீரையும் பயறும் சேரட்டும் என்கிறேன்.

பனங்கிழங்கு இருக்கிறது. தை மாதத்தில் கட்டுக் கட்டாக ரோட்டோரம் வரும், மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, நாரை உரித்து மென்று தின்கிற அதைவிட நார் தெரிகிற பண்டம் எங்கள் பக்கம் வேறு இல்லை. ஆனால் அதே பனையிலிருந்து வருகிற கருப்பட்டியை, "இது இயற்கை, சக்கரைக்கு ஒண்ணும் பண்ணாது" என்று சாப்பிடுகிறவர்களிடம் நான் சண்டையே போடுகிறேன். கருப்பட்டியில் பெரும்பகுதி சர்க்கரைதான், ரத்தத்தில் ஏறத்தான் செய்யும்.

கடலிலும் நார் இருக்கிறது. பாசி எடுக்கிற பெண்கள் கரைக்குக் கொண்டுவருகிற மரிக்கொழுந்துப் பாசியிலிருந்துதான் அகர் எடுக்கிறார்கள். கஞ்சிப்பாசியைக் கஞ்சியில் போட்டுக் குடிக்கிற வழக்கம் இந்தக் கரையில் இருந்தது. நோன்பு காலத்தில் கீழக்கரை வீடுகளில் செய்கிற கடல்பாசி இனிப்பு இந்த அகர்தான், அகர் முழுக்கக் கரையும் வகை நார். ஒரு லிட்டர் பாலைக் கெட்டியாக்க 10 கிராம் அளவு அகர் போதும் என்பதால் நாலு துண்டு தின்றால் நார் ரொம்பச் சேர்ந்துவிடாது, அதைப் பெரிதாகச் சொல்ல மாட்டேன். ஆனால் சர்க்கரை நோயாளிக்கு ஓர் இனிப்பு வேண்டுமென்றால் எனக்கு இதுதான் முதல் தேர்வு. கனத்தைத் தண்ணீரும் பாலும் தருகின்றன, தித்திப்புக்குக் கொஞ்சூண்டு சுக்ரலோஸ் போட்டால் முடிந்தது, பாலியோலே தேவைப்படாது. கரையில் ஒதுங்குகிற கட்டக்கோரைப் பாசியில் மானிட்டால் இயற்கையாகவே இருக்கிறது என்பது கூடுதல் தகவல், மேலே சொன்ன 421.

நாரைக் கூட்டுவதில் அவசரம் கூடாது. இதுவரை 15 கிராமில் இருந்த வயிற்றுக்கு ஒரே நாளில் 35 கொடுத்தால் அதுவும் உப்பும், வலிக்கும், "கீரை எனக்கு ஒத்துக்கல" என்று விட்டுவிடுவீர்கள். இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், பெருங்குடல் பாக்டீரியாக்கள் பழகிக்கொள்ளும். பயறை ராத்திரி ஊறப்போட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு அவித்தால் வாயு குறையும். தண்ணீர் குடிக்காமல் நாரை மட்டும் கூட்டினால் மலம் இன்னும் இறுகிவிடும், நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருக்கிற ஊர்களில் இதைச் சொல்வது எனக்குக் கஷ்டமாகவே இருக்கிறது, பாசி எடுக்கவும் மீன் பிரிக்கவும் போகிற பெண்கள் ஒதுங்க இடம் இல்லாததால் குடிக்கிற தண்ணீரையும் குறைத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு மலச்சிக்கல் வராமல் என்ன செய்யும்? கரையில் ஒரு கழிப்பறை கட்டினால் என் கடையில் மலச்சிக்கல் சிரப் விற்பது குறையும் என்று நம்புகிறேன். மலச்சிக்கலுக்கு இசப்கோல் என்ற நார்ப்பொடி வாங்குகிறவர்கள் ஒரு முழு டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடியுங்கள், வறண்ட பொடியாக வாயில் போட்டால் தொண்டையிலேயே அடைத்துக்கொள்ளும்.

ஹை ஃபைபர் என்று எழுதிய சுகர் ஃப்ரீ பிஸ்கட்டுகளில் பாலிடெக்ஸ்ட்ரோஸ், இன்யூலின் மாதிரி நார்களைச் சேர்த்திருப்பார்கள். அவையும் அளவு கூடினால் வயிற்றை உப்பவைக்கும், பாலியோலோடு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ரொம்ப வருஷமாகச் சர்க்கரை இருந்து இரைப்பை மெதுவாகிப்போனவர்களும், குடலில் அறுவை செய்தவர்களும் நாரைக் கூட்டும் முன் டாக்டரிடம் கேட்க வேண்டும். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ராத்திரி தூக்கத்தில் எழுப்புகிற வயிற்றோட்டம், ஐம்பது வயதுக்கு மேல் திடீரென்று மாறிய மலப் பழக்கம், இவற்றுக்கு என்னிடம் மாத்திரை கேட்காதீர்கள், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பெருநாளும் தீபாவளியும் வரும்போது ஸ்வீட் கடைகளில் சுகர் ஃப்ரீ தட்டு நிறையும். பாக்கெட் இல்லாமல் எடை போட்டுக் கொடுக்கிற அந்த இனிப்பில் எச்சரிக்கையும் இருக்காது, எண்ணும் இருக்காது. வாங்குகிறவர்கள் கேளுங்கள், இதில் சர்க்கரைக்குப் பதில் என்ன போட்டிருக்கிறீர்கள், ஒரு கிலோவுக்கு எவ்வளவு என்று. கடைக்காரர்களும் ஒரு அட்டையில் தமிழில் எழுதித் தட்டில் குத்தி வையுங்கள், மால்டிட்டால் சேர்த்தது, இரண்டு துண்டுக்கு மேல் வேண்டாம், குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று. அந்த ஒரு அட்டைக்கு ஆகிற செலவு ஐந்து ரூபாய் இருக்குமா?